செவ்வாய்க்கிழமை சொன்ன ‘சரி’

எர்மேக்: …லீமாவுக்கு அப்புறம் எங்கே ஓடறே? மைக் வரணும், நவம்பர் வரணும். பதினோரு வருஷமா விமானம் ஓட்டறவ, ரேடியோவில சொல்ற ஏ, பி, சி எழுத்துல வந்து தடுக்கி விழறியே மீர்குல்.

மீர்குல்: பரீட்சைன்னாலே எனக்குப் படிச்சதெல்லாம் மறந்து போகுது அண்ணே. உங்களை மாதிரி விமான நிலையக் கோபுரத்தில உக்காந்து உத்தரவு போடறவளா நான்?

எர்மேக்: உத்தரவு போடறேன், சரி. மேலே பறக்கறவங்க கேட்டாத்தானே. உன் விமானத்தோட பேரைச் சொல்லு.

மீர்குல்: எக்கோ, எக்ஸ்ரே… மூணு, கிலோ, டாங்கோ.

எர்மேக்: வாயைத் திறந்து சொல்லு. எஞ்சின் இரைச்சல்ல பாதி அமுங்கினாலும் மீதியை வச்சுப் பிடிச்சிடணும். அதுக்குத்தானே எழுத்துக்கு ஒரு சொல்லு வச்சிருக்கான். டீக்கிண்ணத்தை வாய்க்கு நேரா பிடிச்சுக்கிட்டு முணுமுணுத்தா…

மீர்குல்: எண்ணெயில பொரிக்கிற போர்சோக்குக்கு மாவு காயுது. நான் அடுப்புப் பக்கம் திரும்பி உருட்டிக்கிட்டே சொல்றேன். நீங்க கேட்டு, சரியா தப்பான்னு சொல்லுங்க.

எர்மேக்: அடுப்பு எங்கேயும் ஓடிடாது. இங்கே வந்து எதிர்ல உக்காரு.

மீர்குல்: வானத்தில நான் உங்க எதிர்லயா உக்காந்திருக்கேன்? கேளுங்க… கிலோ, லீமா, ஆட்டுக்குட்டி, உருளைக்கிழங்கு.

எர்மேக்: சரி.

மீர்குல்: எக்கோ, எக்ஸ்ரே… எங்க அண்ணன் ஒரு பொய்யன்.

எர்மேக்: சரி, சரி. இப்பத்தான் ஒழுங்கா வருது.

மீர்குல்: அண்ணே, இங்கே என்னைப் பாருங்க.

எர்மேக்: ஏன் திரும்பிட்டே? முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?

மீர்குல்: நான் என்ன சொன்னேன், அண்ணே?

எர்மேக்: எழுத்தைத்தான் சொன்னே.

மீர்குல்: எந்த எழுத்து?

எர்மேக்: அது… எண்ணெய் கொதிக்கிற சத்தத்தில…

மீர்குல்: அடுப்பை நான் இன்னும் பத்த வைக்கவே இல்லை. எத்தனை நாளா இப்படிக் காது கேக்கலை?

எர்மேக்: இடது காது மூணு வருஷமா. வலது… போன குளிர்லேர்ந்து. ஹெட்ஃபோன்ல முழுசா ஏத்தி வச்சா குரல் வருது. சொல்லுதான் கலங்கிப் போயிடுது. எதிர்ல இருந்தா உதட்டைப் பார்த்துச் சமாளிச்சுக்குவேன்.

மீர்குல்: வசந்தத்தில காது சோதனையில தேறினீங்களே.

எர்மேக்: டாக்டரம்மா சத்தம் வர பொத்தானை அமுக்கறப்போ அவங்க தோள் லேசா அசையும். எதிர்க் கண்ணாடியில தெரியும். அசைஞ்சா நான் கையைத் தூக்கிடுவேன்.

மீர்குல்: அல்லாவே… அப்புறம் எப்படி தினமும் விமானத்தை இறக்கறீங்க?

எர்மேக்: பயப்படாதே, ஒண்ணும் ஆகலை. கோபுரத்தில என் பக்கத்து நாற்காலியில உதவிக்கு உலான் இருக்கான். நான் சொன்னதை விமானி திருப்பிச் சொல்லணும் இல்லையா, அதை அவன் கேட்டுக்குவான். சரியா இருந்தா மேசையில ஒரு தட்டு, தப்புன்னா ரெண்டு தட்டு. கையை மேசையில வச்சிருந்தா போதும், தெரிஞ்சிடும்.

மீர்குல்: செவ்வாய்க்கிழமை மத்தியானம் உலான் எங்கே போயிருந்தான்?

எர்மேக்: சாப்பிட… பத்து நிமிஷம். ஏன்?

மீர்குல்: நான் ஓஷ் ஊர்லேர்ந்து இங்கே பறந்து வந்துக்கிட்டிருந்தேன். நாலாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு இறங்குன்னீங்க. நான் மூவாயிரம்னு திருப்பிச் சொன்னேன்.

எர்மேக்: இல்லை.

மீர்குல்: அங்கே மூவாயிரத்தில என்ன இருக்கு அண்ணே?

எர்மேக்: மலை… மீர்குல், நான் என்ன சொன்னேன்?

மீர்குல்: ‘சரி’ன்னீங்க.

எர்மேக்: …உன்னையா? உன்னையா அப்படி… எத்தனை பேர் இருந்தாங்க?

மீர்குல்: பதினேழு பேர். ஒருத்தி கைக்குழந்தையோட. நான் இறங்கலை. வேணும்னேதான் தப்பாச் சொன்னேன். வெயில் பளிச்சுன்னு இருந்தது, மலை கண்ணெதிர்லயே நின்னுது. அதுக்கு முந்தின வாரம் ஒரு கல்யாண வீட்ல பின்னாலேர்ந்து எவ்வளவோ கூப்பிட்டேன், நீங்க திரும்பலை. அப்பவே எனக்குள்ள ஒரு முள்ளு. செவ்வாய்க்கிழமை நீங்க என்னைத் திட்டுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன், அண்ணே. ‘தப்பு, மறுபடி சொல்லு’ன்னு ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எர்மேக்: அப்போ இந்தப் பரீட்சை…

மீர்குல்: எனக்கு எந்தப் பரீட்சையும் இல்லை. இன்னொரு தடவை பார்த்துடலாம்னு நினைச்சேன். நான்தான் தப்பா நினைச்சேன்னு ஆகணும்னு வேண்டிக்கிட்டுத்தான் வந்தேன்.

எர்மேக்: இந்த வேலையை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? இருபத்தாறு வருஷம், மீர்குல்… நாளைக்கு ஒரு நாள் மட்டும் வேலை பார்த்துட்டு, நானே கோபுரத் தலைவர்கிட்ட போய்ச் சொல்லிடறேன். யார்கிட்டயும் சொல்லிடலையே?

மீர்குல்: நாளைக்கு நீங்க அந்த நாற்காலியில உக்கார மாட்டீங்க.

எர்மேக்: …நீயா சொன்னே?

மீர்குல்: நான்தான். செவ்வாய்க்கிழமை ஒலிப்பதிவைக் காலையில தலைவரே போட்டுக் கேட்டார். நீங்களா வந்து சொன்னா நல்லாயிருக்கும், அரை மணி நேரம் கொடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். அது முடிஞ்சு போச்சு. வாசல்ல வண்டியில இருக்கார்.

எர்மேக்: எப்போ வந்தார்? சும்மா மிரட்டாதே. வந்திருந்தா ஒரு சத்தமாவது கொடுத்திருப்பாரே.

மீர்குல்: இப்பவும் ஹாரன் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கார், அண்ணே.