பின்னால சுத்திப் போனவ

பறவை பார்க்க வர்றவங்க சிவப்புக் கோட்டு போட்டுட்டு வரக்கூடாது தம்பி. பால்குடி மறந்த புள்ளைக்குக்கூட இது தெரியும். தொக்ஜான் போட்டுட்டு வந்தா. அந்தக் கோட்டாலதான் அவளைச் சீக்கிரமா கண்டுபிடிச்சோம்னு நேத்து சொன்னீங்க. சரி, அதுக்காவது உதவிச்சே.

வாக்குமூலத்தை நீங்களே அடிச்சுக் குடுங்கன்னு ஸ்டேஷன் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வச்சுட்டுப் போயிட்டீங்க. எனக்கு எழுத்து நடையெல்லாம் வராது, பேசற மாதிரியே அடிக்கறேன். என் பேரு ஷைஸாதா. தொக்ஜான் எனக்கு ஓரகத்தி. நான் மூத்தவனைக் கட்டினேன், அவ என் கொழுந்தன் ஏர்போலைக் கட்டினா. பத்தொம்பது வருஷமா ஒரே முற்றத்துல ரெண்டு வீடு, ஒரே அடுப்படி.

ஏரிப் பூங்காவுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை கேமராவோட நடக்கற கூட்டத்தை ஆரம்பிச்சதே நான்தான். அப்பல்லாம் எங்க கரகாந்தி டவுன்லேருந்து ஒருத்தரும் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்தது கிடையாது. கோரையும் கொசுவும்தானேன்னு சிரிச்சாங்க. நான் எடுத்த கூழைக்கடா படத்தைப் பூங்கா வாசல் ஆபீஸுல மாட்டினப்புறம்தான் வந்து ஒட்டிக்கிட்டாங்க. அந்தச் சுவத்துல ஒரே ஒரு படம்தான் மாட்டுவாங்க. எட்டு வருஷம் அது என் படம்.

போன வருஷம் தொக்ஜான் கேமரா வாங்கினா. பிறந்த நாளுக்குப் புருஷன் குடுத்தானாம். என் புருஷன் எனக்குக் குடுத்தது முட்டிவலித் தைலம், அது வேற கதை. எதை எடுக்கணும், எந்த வெளிச்சத்துல எடுக்கணும்னு அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. பூநாரைக் கூட்டம் ஒண்ணு தலைக்கு மேல போகும்போது அண்ணாந்து அமுக்கியிருக்கா, அவ்வளவுதான். ஏப்ரல்ல என் கூழைக்கடாவை இறக்கிட்டு அதே ஆணியில அவ பூநாரையை மாட்டிட்டாங்க.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னா தெரியுமா?

"அக்கா, உங்க படத்தையே வச்சுக்கங்கன்னு நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவங்க கேக்கல அக்கா. கோவிச்சுக்காதீங்க."

"எனக்கென்னடி கோவம். சுவரு என்ன எங்கப்பன் வீட்டுச் சுவரா?" அப்படீன்னேன்.

அதுக்கும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே எனக்கு டீ ஊத்தினா. கிண்ணத்துல கொஞ்சூண்டு, நம்ம வழக்கப்படி; கொஞ்சமா ஊத்தறதுதானே மரியாதை. குறை சொல்ல ஒண்ணும் இருக்காது. அவகிட்ட அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

இப்ப நீங்க திருப்பித் திருப்பிக் கேக்கற விஷயத்துக்கு வர்றேன். அந்தச் சனிக்கிழமை காலையில பூங்காக் காவல்காரர் ஓரஸ்பாய் எனக்குப் போன் பண்ணினாரு. "அக்கா, மூணாவது திருப்பத்துல வலதுபக்கம் யாரையும் இறங்க விட்டுடாதீங்க. இந்த வருஷம் ஐஸு கோரை மெத்தையை வேரோட தூக்கி விட்டிருக்கு. மேல பார்த்தா பச்சைப் புல்லு, அடியில தரையே கிடையாது. கூட்டத்துல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

சொன்னேனே. பஸ்ஸுல இருந்த ஆறு பேருக்கும் ரெண்டு தடவை சொன்னேன். குல்யாஷைக் கேளுங்க, "போதும்டி, காது வலிக்குது"ன்னா. தொக்ஜான் பஸ்ஸுல வரல. அவளுக்குத்தான் கார் இருக்கே. அரை மணி லேட்டா, கை நிறைய பவுர்சாக் ரொட்டி எண்ணெயில பொரிச்சு எடுத்துக்கிட்டு, கல்யாணத்துக்கு வர்ற மாதிரி வந்து இறங்கினா. எல்லாரும் வாயை அதுல அடைச்சுக்கிட்டாங்க. நானும் ரெண்டு தின்னேன், உப்புக் கம்மி. அவளுக்காக இன்னொரு தடவை சொல்லணும்னு எனக்குத் தோணல.

மூணாவது திருப்பத்துல கரை அகலம் குறைச்சல்தான். இடதுபக்கம் தண்ணி, வலதுபக்கம் அந்தப் பச்சை மெத்தை. தண்ணியில வெள்ளைத்தலை வாத்து ஒண்ணு. தலை வெள்ளை, மூக்கு நல்ல நீலம், குடத்துல பூசின பெயிண்ட் மாதிரி. ஆறு வருஷமா அதுக்காகக் காத்திருக்கேன். குல்யாஷும் மத்தவங்களும் முன்னால போயிட்டாங்க. நான் கேமரா முக்காலியை ஊனினேன்.

எங்க ஊனினேங்கறதுதான் உங்க கேள்வி. கரையோட வலது ஓரத்துல, குதிகால் புல்லைத் தொடற மாதிரி. எனக்கு முன்னாடி ரெண்டு முழம் கெட்டி மண்ணு காலியாக் கிடந்தது. ஒரு ஆள் தாராளமாப் போகலாம். நான் யார் வழியையும் அடைக்கல. அதை நல்லாக் குறிச்சுக்கங்க.

தொக்ஜான் பின்னாலேயே வந்து நின்னா. "அக்கா, நான் முன்னால போகணும். ஒரு அடி முன்னாடி தள்ளி நிக்கறீங்களா?" மெல்லமாத்தான் கேட்டா.

நான் வாத்தைப் பார்த்துக்கிட்டே விரலைத் தூக்கி உஷ்ஷுன்னேன்.

"சரிக்கா. நான் பின்னால சுத்திப் போய்க்கறேன்."

நான் தலையாட்டினேன்.

அவ கேமராவைத் தண்ணியிலேருந்து எடுத்து, கடைசிப் படத்தைக் காட்டினீங்க. அதுல இருக்கறது என் முதுகு. தூரத்துல வாத்து. அதுக்கும் எனக்கும் நடுவுல கெட்டி மண்ணு. படம் மோசமில்ல, ஒத்துக்கறேன். ஆனா என்னை நட்டநடுவுல வச்சிருக்கா பாருங்க, படம் எடுக்கத் தெரிஞ்சவ செய்யற காரியமா அது?

இவ்வளவு இடம் இருக்கே, அவ ஏன் முன்னால போகலன்னு ஏர்போல் உங்ககிட்ட அழுதானாமே. பொண்டாட்டியோட பத்தொம்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கான், அவ கால் எந்தப் பக்கம் போகும்னு தெரியல. எனக்குத் தெரியும்.

கல்யாணமாகி வந்த அன்னைக்கு டீத் தட்டைத் தூக்கிக்கிட்டு என் குறுக்கால போனா. நாப்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. தட்டைப் பிடுங்கி, "பெரியவங்களைக் குறுக்க வெட்டிப் போறதுதான் உங்க வீட்டு வழக்கமா?"ன்னு கேட்டு, அடுப்படி வழியாத் திருப்பி அனுப்பி, என் பின்னால வர வச்சேன். காது வரைக்கும் செவந்துபோச்சு. அதுக்கப்புறம் ஒரு நாளும் என் முன்னால குறுக்க வந்ததில்ல. அடுப்புப் பக்கத்துல நான் நின்னா, கதவைத் திறந்து பனியில இறங்கி, வீட்டைச் சுத்தி வந்து அந்தப் பக்கக் கதவால நுழைவா. கையில கைக்குழந்தை இருந்தப்பவும் அப்படித்தான். எனக்கு அடுப்புல வேலை இருக்காது. சில நாள் சும்மா நிப்பேன், சுத்தறாளான்னு பார்க்க. சுத்துவா.

இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஊரெல்லாம் அவளுக்கு மரியாதை தெரியாதுன்னு சொல்லிக்கிட்டிருந்தியான்னு கேப்பீங்க. தெரிஞ்சுக்கிட்டுத்தான்.

ஆக, ஆமாம் தம்பி. அவ பின்னால போவான்னு தெரியும். பின்னால தரை இல்லன்னும் தெரியும். அதுக்காகத்தான் முக்காலியை ஒரு அடி பின்னுக்கு நகர்த்தினேன். முதல்ல கரை நடுவுலதான் வச்சிருந்தேன். அவ சிவப்புக் கோட்டு கோரைக்கு நடுவுல தெரிஞ்சப்புறம் நகர்த்தினேன். முக்காலிக் கால் பதிஞ்ச ரெண்டு இடத்தையும் நீங்க அளந்துட்டீங்க, இனி மறைச்சு என்ன ஆகப்போகுது.

சத்தம் பெருசா ஒண்ணும் இல்ல. ஈரத் துணியைக் கல்லுல போட்ட மாதிரி ஒண்ணு. அப்புறம் கோரை உரசற சத்தம். உருகின பனித்தண்ணி, அதுல ரொம்ப நேரம் கை கால் ஆட்ட முடியாதுன்னு ஓரஸ்பாயே சொல்லியிருக்காரு. நான் பதினாலு படம் எடுத்தேன். நேரம் கேமராவுலயே இருக்கும். ஒன்பதாவது படத்துல வாத்து நேரா என்னைப் பார்க்குது. கண்ணு, நீல மூக்கு, கழுத்துல சொட்டற தண்ணி, அத்தனையும் விழுந்திருக்கு. வாழ்நாள்ல நான் எடுத்ததுலயே அதுதான் படம். உண்மையில அது என்னைப் பார்க்கல, எனக்குப் பின்னால பார்க்குது. பார்க்கறவங்களுக்கு அது தெரியவா போகுது? அதைச் சுவத்துல மாட்டச் சொல்லி அன்னைக்குச் சாயங்காலமே அனுப்பிட்டேன்.

அவ என்னைக் கூப்பிட்டாளான்னு கேட்டீங்க. ரெண்டு தடவை. "அக்கா"ன்னுதான், வேற ஒண்ணும் சொல்லல. கைக்கெட்டற தூரம். திரும்பியிருந்தா வாத்து பறந்திருக்கும்.

பத்தொம்பது வருஷத்துல அவளுக்கு எவ்வளவோ பழக்கிவிட்டேன் தம்பி. பெரியவங்க காரியமா நிக்கும்போது பின்னாலேருந்து கூப்பிடக்கூடாதுங்கறதை மட்டும் கடைசி வரைக்கும் அவ கத்துக்கல.