இரும்பா, பிளாஸ்டிக்கா?

துரைசாமி: சிரிக்காத மதி. துப்பாக்கின்னா கையில எடுத்ததும் கனம் தெரியணும்.

சந்திரமதி: நான் எங்கங்க சிரிச்சேன்? வாய் நிறைய பரோட்டா.

துரைசாமி: கண்ணு சிரிக்குது. முப்பது வருஷமா பாக்குறேன்ல.

சந்திரமதி: சரி சரி, சொல்லுங்க. இரும்புத் துப்பாக்கி. ஒரு கிலோவுக்கு மேல வெயிட்டு. காலையில தேக்கா மார்க்கெட்ல ரெண்டு கிலோ உருளைக்கிழங்கு வாங்கினோமே, அதை யாரு தூக்கிட்டு வந்தா?

துரைசாமி: அது... பை சரியில்ல. கைப்பிடி விரலை அறுத்துச்சு.

சந்திரமதி: பாவம். பை மேல ஒரு கம்ப்ளெய்ன்ட் கொடுத்துடலாம்.

துரைசாமி: உனக்கு பிளாஸ்டிக்தான் பிடிக்கும். ஐஸ்கிரீம் டப்பாவக்கூட கழுவிக் கழுவி அடுக்கி வெச்சிருக்கிறவதானே நீ?

சந்திரமதி: அந்த டப்பாவுலதான் பத்து வருஷமா உங்க லஞ்ச் வேலைக்குப் போச்சு. அப்ப வாயத் திறக்கல.

துரைசாமி: சாப்பாட்டுக்கு ஓகே லா. துப்பாக்கிக்கா? புதுசுல பின்னாடி ஹேமரே வெளிய தெரியாது. ஏதோ டிவி ரிமோட் மாதிரி இருக்கு. பழைய மாடல்ல பாரு, கட்டைவிரலால ஹேமரை இழுத்தா டக்குனு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் காதுல விழுந்தாத்தான் எனக்குச் சுடவே மனசு வரும்.

சந்திரமதி: சத்தம்தான் வேணும்னா நம்ம வீட்டுக் கதவை ஒரு தடவை...

ஒலி முகம்மது: அண்ணே... அக்கா... தே தாரிக் ரெண்டு. ஒண்ணு சீனி கம்மி. அப்புறம்... கொஞ்சம் மெதுவாப் பேசுறீங்களா?

துரைசாமி: ஏன் ஒலி பாய்? கடையில பேசக்கூடாதுன்னு புது ரூலா?

ஒலி முகம்மது: இல்லண்ணே. பதினஞ்சு வருஷமா சனிக்கிழமை ஆனா வர்ற ஆளு, நீங்க நல்லவருன்னு எனக்குத் தெரியும். மூணாம் டேபிள் அம்மாவுக்குத் தெரியாதுல்ல. துப்பாக்கி வாங்குறேன், சுடுறேன்னு நீங்க சொல்லச் சொல்ல... அவங்க போனை எடுத்துட்டாங்க.

சந்திரமதி: ஐயோ! போய்ச் சொல்லுங்க பாய், இது ஷூட்டிங் கிளப். விளையாட்டு. அட்டையைத்தான் சுடுவாரு. அதுவும் எப்பவாச்சும்தான் படும்.

துரைசாமி: ஏய்...

ஒலி முகம்மது: அப்ப வீட்டுலயா வெச்சிருக்கீங்க?

துரைசாமி: வீட்டுலயா! ஒரே ஒரு தோட்டா பாக்கெட்ல தங்கிட்டாக்கூட நான் உள்ள போயிடுவேன் பாய். எல்லாம் கிளப்புலதான் பூட்டி இருக்கும். எடுத்தா கையெழுத்து, வெச்சா கையெழுத்து. இருபத்திரண்டு வருஷமா கிளப்போட துப்பாக்கியைத்தான் வாங்கி வாங்கிச் சுட்டுட்டு இருக்கேன். இப்பதான் என் பேர்லயே ஒண்ணு.

ஒலி முகம்மது: நல்ல விஷயம்தானே?

துரைசாமி: ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கிளப் ஆர்டர் போடும். எந்த மாடல்னு எழுதி இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஃபார்ம் கொடுக்கணும். விட்டா, அடுத்த தடவை எனக்கு அறுபத்திரண்டு வயசு.

ஒலி முகம்மது: அக்கா வேணாங்கிறாங்களா?

சந்திரமதி: நான் வேணாம்னு சொல்லவே இல்ல பாய். ஃபார்ம்ல ரெண்டாம் பக்கத்துல ஒரு கையெழுத்து வேணும். இந்த ஆளு இந்தத் துப்பாக்கிய பத்திரமா கையாளுவாருன்னு ரேஞ்ச் ஆபீசர் எழுதிக் கொடுக்கணும். அதுதான் இழுக்குது.

ஒலி முகம்மது: யாரு அந்த ஆபீசரு? ரொம்பக் கறாரா? நம்ம அண்ணனுக்கே போட மாட்டேங்கிறாரா?

துரைசாமி: கறாரா! எதிர்ல உக்காந்து என் முட்டைப் பரோட்டாவப் பிச்சுத் திங்கிறாளே, இவதான் பாய் ஆபீசரு.

ஒலி முகம்மது: அடேயப்பா!

துரைசாமி: கிளப்புக்கு இவளைக் கூட்டிட்டுப் போனதே நான்தான். காபி குடிச்சிட்டு ஓரமா உக்காந்திருப்பான்னு பாத்தா... ரெண்டு பரீட்சை எழுதி, பேட்ஜைக் குத்திட்டு வந்து, இருபது பேரு முன்னாடி, ‘துரைசாமி, விரலை டிரிகர்லேர்ந்து எடு’ங்கிறா.

சந்திரமதி: ‘எடுங்க’ன்னுதான் சொன்னேன். புருஷன்கிற மரியாதை எனக்கு எப்பவும் உண்டு.

ஒலி முகம்மது: பெரிய இடம்தான் போங்க. அண்ணே, அந்த ஸ்பூன் போதுமா? பெருசு ஒண்ணு தரவா?

துரைசாமி: போதும் போதும்.

ஒலி முகம்மது: இல்ல, முன்னெல்லாம் பரோட்டாவுக்கு ஸ்பூன் வெச்சாலே, கை இல்லாதவனாடா நான்னு சத்தம் போடுவீங்க. இப்ப ஒரு மாசமா நீங்களே கேட்டு வாங்குறீங்களே, அதான்...

துரைசாமி: விரல்ல காயம் பாய்.

சந்திரமதி: எந்த விரல்?

துரைசாமி: ...இது.

சந்திரமதி: போன வாரம் அது சுண்டுவிரலா இருந்துச்சு.

ஒலி முகம்மது: நான்... மூணாம் டேபிள் அம்மாகிட்ட பேசிட்டு வந்துர்றேன்.

துரைசாமி: ஏன் மதி, அந்த ஆளு முன்னாடி...

சந்திரமதி: சட்டைப் பையில இருந்த பாலிகிளினிக் சீட்டை நான் எப்பவோ பாத்துட்டேங்க.

துரைசாமி: ...துணியோட சேர்ந்து கரைஞ்சிருக்கும்னு நினைச்சேன்.

சந்திரமதி: மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி பையப் பாக்குறது நான்தானே? கழுத்து நரம்பு. வலது கைக்கு வர்ற நரம்பை அழுத்துது. தைப்பூசத்துக்கு மறுவாரம் தேதி போட்டிருக்கு, ரெண்டு மாசமாச்சு. எப்ப சொல்லலாம்னு இருந்தீங்க?

துரைசாமி: சரியானதும்.

சந்திரமதி: சரியானதும் ஓடி வந்து சொல்றதுக்கு, அது என்ன ஃபோர் டி லாட்டரி அடிச்ச சேதியா?

துரைசாமி: பிசியோ போனா சரியாகும்னாங்க. ஆகலாம்னாங்க... பாக்கலாம்னாங்க.

சந்திரமதி: எப்ப?

துரைசாமி: அதான் சொல்ல மாட்டேங்கிறாங்களே.

சந்திரமதி: இப்ப என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. உங்க இரும்புல சேஃப்டி லீவர் எந்தப் பக்கம்?

துரைசாமி: இடது பக்கம். எனக்குப் பாடம் எடுக்காத.

சந்திரமதி: அதை எந்த விரல் அமுக்கணும்?

துரைசாமி: ...வலது கட்டைவிரல்.

சந்திரமதி: இன்னைக்குக் காலையில சட்டையோட மேல் பட்டனை யாரு போட்டுவிட்டா?

துரைசாமி: நீ ஆசையா வந்து போட்டேன்னு நினைச்சேன்.

சந்திரமதி: ஆசைதான். கூடவே ஆறு நிமிஷமா கண்ணாடி முன்னாடி நின்னீங்க. பஸ்ஸை விட்டுருவோம்னு பயம் வேற.

துரைசாமி: பட்டன் வேற, துப்பாக்கி வேற. இரும்பு கனமா இருந்தா கை ஆடாது மதி. அந்தக் கனமே கைய அமுக்கிப் பிடிச்சுக்கும்.

சந்திரமதி: பிடிக்கலன்னா? லீவர் பாதியில நின்னு, கை நழுவிச்சுன்னா? உங்களுக்கு வலது பக்கத்து லேன்ல எப்பவும் யாரு நிக்கிறது?

துரைசாமி: ...பூவம்மா.

சந்திரமதி: ரெண்டு பிள்ளைக்காரி. கிளம்பும்போதெல்லாம் ‘சார், நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமே இல்ல’ன்னு சொல்லிட்டுப் போறா. கோவமா?

துரைசாமி: இல்ல. அத நான் யோசிக்கலன்னு நினைக்கிறியா? தினம் யோசிக்கிறேன்.

சந்திரமதி: புதுசுல அந்த லீவரே கிடையாது. தோட்டா மேகசினைக் கழட்டுற பட்டனை எந்தப் பக்கம் வேணும்னாலும் மாத்திக்கலாம். பாதி வெயிட்டுதான். அதனால... அந்தக் கைதான் வேணும்னு இல்ல.

துரைசாமி: என்ன சொல்ல வர்ற? இடது கையாலயா?

சந்திரமதி: ஏன், அந்தக் கைக்கு என்ன குறைச்சல்?

துரைசாமி: இந்தக் கையால நான் கோயில்ல திருநீறுகூட வாங்கினதில்லடி.

சந்திரமதி: கொசு அடிக்கிறது எந்தக் கை?

துரைசாமி: ...அது அவசரத்துக்கு.

சந்திரமதி: வீட்டுப் பூட்டைத் திறக்கிறது? பல் தேய்க்கிறது? கோவம் வந்தா பேப்பரைச் சுருட்டி மேசையில தட்டுறது? எல்லாம் இடது. யாரும் பாக்காதப்ப உங்களுக்கு அந்தக் கைதான் முன்னாடி வருது. நான் மட்டும் பாத்துட்டே இருக்கேன்.

துரைசாமி: ...எங்கம்மாவுக்கு அப்புறம் இதைக் கண்டுபிடிச்சது நீதான்.

சந்திரமதி: உங்கம்மாவா?

துரைசாமி: சின்ன வயசுல செம்பவாங் டாக்யார்ட் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம்ல. அங்க யார் வீட்டுல விசேஷம்னாலும் ஒரே பந்தி. நான் இடது கையால சோத்தைத் தொட்டா போதும், கரண்டிக் காம்பால விரல் முட்டியில ஒண்ணு விழும். ‘நாலு பேரு முன்னாடி மானத்தை வாங்காதடா’ன்னு. ஆறே மாசம். வலது கைக்காரன் ஆயிட்டேன்.

சந்திரமதி: முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட இதைச் சொல்லல நீங்க.

துரைசாமி: சொல்ற மாதிரி என்ன இருக்கு? எல்லார் வீட்டுலயும் நடக்குறதுதான். கஷ்டப்பட்டு ஒரு கைய விட்டேன். அதுக்குப் பதிலா பழக்கின கைதான் இது. எழுதினேன், வேலை பாத்தேன், உனக்குத் தாலி கட்டினேன், இருபத்திரண்டு வருஷம் சுட்டேன். இப்ப இதுவும் போகுதுன்னா... பயமா இருக்கு மதி. நெசமாவே பயமா இருக்கு.

சந்திரமதி: அழாதீங்க. மூணாம் டேபிள் அம்மா மறுபடி பாக்குறாங்க.

துரைசாமி: அழல. மிளகாய்.

சந்திரமதி: பருப்புக் குழம்புல மிளகாயா?

துரைசாமி: ...நீ ஆபீசரா இருந்து தொலைக்கிறியே, உன்கிட்ட ஒரு பொய்கூடச் சொல்ல முடியல. சரி, அந்தப் பைய எடு. உருளைக்கிழங்குக்குப் பக்கத்துல ஒரு கவர் இருக்கும்.

சந்திரமதி: இதுவா? மேல மண்ணு... ஏங்க, இது ஃபார்ம்ல! எல்லாம் எழுதி முடிச்சிருக்கு. யாரு எழுத்து இது? ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை எழுதின மாதிரி, ஒரு எழுத்து மேல போகுது, ஒண்ணு கீழ போகுது...

துரைசாமி: நக்கல் அப்புறம். முதல்ல படி.

சந்திரமதி: மாடல்... ஏங்க. இது புதுசு. பிளாஸ்டிக்!

துரைசாமி: இன்னும் கீழ போ.

சந்திரமதி: உடல்நலப் பிரச்சினை... ‘உண்டு. கழுத்து நரம்பு. வலது கை பலவீனம்.’ சுடும் கை... ‘இடது.’

துரைசாமி: மூணு பேனா மாத்தினேன். முழுசா அந்தக் கையாலதான் எழுதினேன்.

சந்திரமதி: எப்ப இதெல்லாம்?

துரைசாமி: செவ்வாய்க்கிழமை நீ வேலைக்குப் போனதும், மீன் வாங்கப் போறேன்னு சொல்லுவேன்ல. ஈசூன்ல ஒரு இடத்துல காத்துத் துப்பாக்கி வெச்சுப் பழகலாம். அங்க போய் இடது கையால... ஆறு வாரமா.

சந்திரமதி: அதான் ஐஸ் கட்டி மாதிரி ஃப்ரோசன் மீனா வந்துச்சா! நான் மீன்காரரைத் திட்டிட்டு இருந்தேன்.

துரைசாமி: முதல் நாள் பத்து சுட்டேன். நாலு அட்டையில, ஆறு சுவத்துல. போன செவ்வாய் பத்தும் அட்டையில. நடுவுலயே மூணு.

சந்திரமதி: அப்புறம் எதுக்குங்க ஒரு மணி நேரமா இரும்பு இரும்புன்னு என் உயிரை வாங்கினீங்க?

துரைசாமி: அதை விடுறதுக்கு மனசு வரல. முடிவு பண்ணியாச்சு, எழுதியாச்சு... கடைசியா ஒரு தடவை அதுக்காக யார்கிட்டயாவது சண்டை போடணும்போல இருந்துச்சு. உன்னை விட்டா எனக்கு யாரு?

சந்திரமதி: கொழுப்பு. முகத்தைத் துடைங்க. குழம்பு ஒட்டியிருக்கு... அங்க இல்ல, இந்தப் பக்கம்.

துரைசாமி: இப்ப உனக்குத் திருப்திதானே? எல்லாம் உண்மையா எழுதிட்டேன். இந்தா பேனா. ரெண்டாம் பக்கம், கீழ.

சந்திரமதி: நான் போட மாட்டேன்.

துரைசாமி: என்ன மதி இது! நீ கேட்ட துப்பாக்கி, நீ கேட்ட கை... இன்னும் என்ன குறை?

சந்திரமதி: குறை ஒண்ணுமில்ல. கிளப்புல இன்னொரு ரேஞ்ச் ஆபீசர் இருக்கானே, வெங்கடேஷ், அவன் போடுவான். நாலு மணிக்கு உங்களைச் சுடச் சொல்லிப் பாத்துட்டுப் போடுவான். கிளம்புங்க, நேரமாச்சு.

துரைசாமி: அந்தப் பொடிப்பயலா? அவன் எதுக்கு? ஆபீசர் நீ இருக்கும்போது?

சந்திரமதி: நான் இப்ப ஆபீசர் இல்லங்க. காலையில நீங்க குளிக்கப் போனதும் கிளப்புக்குப் போன் பண்ணி, பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துர்றேன்னு சொல்லிட்டேன். நீங்க அந்த இரும்பையே எழுதி நீட்டியிருந்தாலும்... உங்க முகத்தைப் பாத்துட்டு நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.