கிடாரத்தில் போட்ட வெள்ளைச் சேலைகள்

செவ்வாய்க்கிழமை. காலை ஆறு நாற்பது. வலைக்குச் சாயம் காய்ச்சுகிற பெரிய கிடாரம் அடுப்பில் கொதிக்கிறது. அதைச் சுற்றி இருக்கிறவர்கள்: என் அம்மா. கனகக்கா. செல்லம்மாக்கா. புவனக்கா, அவள் இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை. அக்கா தங்கை இரண்டு பேர், தவமும் ராணியும். பிறகு நான். எனக்குப் பதினாலு வயது.

தொம்.

கடலுக்கு அந்தப் பக்கம் ராணுவ முகாமிலிருந்து ஷெல் புறப்படுகிற சத்தம் இது. பதினொன்று எண்ணலாம். பதினொன்றில் விழும். நான் எண்ணுகிறேன். ஏழில் ஷெல்லின் கூவல் கேட்கிறது.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

முதலாவது தண்ணீரில். இரண்டாவது பனைகளுக்குள். மட்டைகள் சடசடவென்று விழுகின்றன. ராணி எழும்பி ஓடப் பார்க்கிறாள். அம்மா அவள் காலைப் பிடித்து இழுத்துப் போடுகிறாள். மூன்றாவது தொம். அதை நான் எண்ணவில்லை. வாய் நிறைய மணல்.

இதை, கடல் தாண்டி வந்து, ஒரகடத்தில் இருந்து எழுதுகிறேன். வல்லக்கோட்டை போகிற ரோட்டில் வாடகை அறை. கார் சீட் உறை தைக்கிற கம்பெனியில் வேலை. பக்கத்துக் கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஒன்று. அதுவும் தொம் என்றுதான் அடிக்கும். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சத்தம் கேட்டால் பதினொன்று வரை எண்ணுவேன். லைனில் இருக்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். பள்ளிக்கூடத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர்களில் பிழை இருக்காது. நாலு தரம் சரிபார்த்துவிட்டேன்.

எழுத வைத்தது போன சனிக்கிழமை. புயலில் அடிபட்ட ஒரு தீவுக் கிராமத்துப் பெண்களுக்குக் கம்பெனியில் துணி சேர்த்தோம். ஷிப்ட் முடிந்து கேன்டீனில் உட்கார்ந்து பிரிக்கிறோம். எங்கள் லைன் லீடர் கஸ்தூரி, குன்றத்தூர்க்காரி. நல்ல மனசு. வெள்ளைச் சேலைகளைத் தனி மூட்டையாகக் கட்டினாள். ஒரு அட்டையில் 'விதவைகளுக்கு' என்று எழுதி மேலே வைத்தாள்.

அந்தச் சொல்லை நான் ஆறு தரம் எழுதியிருக்கிறேன். ஒரு தரம் என் அம்மாவின் பெயருக்கு நேரே.

அந்தச் செவ்வாய்க்கு இரண்டு வாரம் முன்னால் எங்கள் தீவில் குடிசைகள் எரிந்தன. உடுத்த துணியோடு ஓடினோம். அதற்கும் நாலு மாதம் முன்னால், இரண்டு வள்ளத்தில் கடலுக்குப் போன ஆறு ஆண்கள் திரும்பி வரவில்லை. நேவி மறித்துக் கொண்டுபோனதைக் கண்டவர்கள் உண்டு. பிணத்தைக் கண்டவர்கள் இல்லை. ஆறில் ஒருவர் என் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை நிவாரண வள்ளம் வந்தது. யாரோ எங்கேயோ கொடுத்த துணி, ஒரு மூட்டை. கூட ஒரு அலுவலர். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பட்டியலை என்னிடம் தந்தார். புருசன் இருக்கிறவளுக்குக் கலர்ச் சேலை. இல்லாதவளுக்கு வெள்ளை. கனகக்காவிலிருந்து ராணி வரை ஆறு பேருக்கும் நேரே 'விதவை' என்று எழுதச் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம். எழுதினேன்.

அம்மா கைநாட்டு வைக்க வந்தாள். "என்னடி எழுதியிருக்கிறாய்? வாசி."

வாசித்தேன்.

"உன்ர அப்பர் செத்ததை ஆர் கண்டது? நீ கண்டனியோ? ஐயா, நீங்கள் கண்டனீங்களோ?"

"அது ஒரு முறைக்குத்தான், அம்மா" என்றார் அலுவலர்.

கனகக்கா வாயை அடக்கத் தெரியாதவள். "முறைக்கெண்டால் உங்கட மனிசியின்ர பேருக்கு நேரே ஒருக்கா எழுதிப் பாருங்கோ, ஐயா."

செத்தவனை ஒருத்தரும் தேடமாட்டார்கள். படிக்காத அம்மாவுக்கு அது விளங்கியிருந்தது. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் விரலை வைத்தால் ஆறு பேரையும் நாங்களே புதைத்த மாதிரி. "அடிச்சுப் போடு" என்றாள். ஆறையும் அடித்தேன். 'இன்னும் வரவில்லை' என்று எழுதினேன். வள்ளம் பொழுதுபட முன்னம் திரும்ப வேண்டும். அலுவலர் முணுமுணுத்துக்கொண்டு சேலைகளைப் போட்டுவிட்டுப் போனார்.

சேலை வேண்டும். வெள்ளை வேண்டாம். எரிந்து கிழிந்ததை எத்தனை நாள் இழுத்து மூடுவது. கனகக்காதான் வழி சொன்னாள். கண்டல் மரத்துப் பட்டையை அவித்து வலைக்குச் சாயம் ஏற்றுவோம். செம்மண் நிறம் பிடிக்கும். கிடாரம் நெருப்பில் தப்பியிருந்தது.

"முகாமுக்குப் புகை தெரியுமே, அக்கா" என்றேன்.

"கஞ்சி காய்ச்சினாலும் புகைதான். நீ பிறக்கேக்கையே பயந்துகொண்டு பிறந்தனி. போய்ப் பட்டையைக் கொண்டு வா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐந்து பத்துக்கு நெருப்பு மூட்டினோம். விறகு ஈரம். புகை பனைக்கு மேலே போனது. முதல் தொம் கேட்டபோது ஐந்து சேலை முக்கி எடுத்தாகிவிட்டது. ஆறாவது கிடாரத்துக்குள் பாதி, வெளியே பாதி.

மூன்றாவது ஷெல் அடுப்புக்குக் கிட்ட விழுந்தது. கனகக்கா செத்தும் கையிலிருந்த துடுப்பை விடவில்லை. அந்தத் துடுப்பால்தான் சாயத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். தவத்தின் உடம்பில் ஒரு காயமும் தெரியவில்லை. கூப்பிட்டோம். எழும்பவில்லை. கிடாரத்தின் வயிற்றில் ஓட்டை. சாயம் மணலில் ஓடியது. புவனக்காவின் பிள்ளை அதில் கையை அளைந்தது.

அடுப்பு மூட்டாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பிரஸ் அடிக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். ஒவ்வொரு தரமும் ஒரே பதில்தான். அடித்தவன் அடித்தான். சேலைக்குச் சாயம் போட்டது குற்றமில்லை.

இரண்டு பேரையும் புதைத்தோம். எரித்தால் மறுபடியும் புகை. இரண்டு சேலை அவர்களுக்குச் சுற்றினோம். மூன்றை மற்றவர்கள் ஈரத்தோடு உடுத்தினார்கள். ஆறாவதை அம்மா எடுத்தாள். வெள்ளையாக இருந்த பாதியைக் கிழித்து ராணியின் முழங்காலுக்குக் கட்டுப் போட்டாள். சாயம் ஏறிய பாதியை இடுப்பில் சுற்றிக்கொண்டாள். அன்றைக்கு அந்தத் தீவில் ஒருத்தியும் வெள்ளை உடுத்தவில்லை.

கஸ்தூரியிடம் இதில் பாதிதான் சொன்னேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ இத்த இன்னாக்கா பண்றது? தூக்கிப் போட்றதா?"

"வேண்டாம். எல்லாத்தோடயும் கலந்து கட்டு. பிடிச்சவள் எடுக்கட்டும்."

"லிஸ்ட் கேப்பாங்களே."

"பேரை மட்டும் எழுது. புருசன் கதை கேக்காத."

"நீ பயந்தாங்கொள்ளின்னு நெனச்சிகினு இருந்தேன்க்கா, இத்தினி நாளா."

பயந்தாங்கொள்ளிதான். பயத்தோடேயே அந்த அட்டையை நாலாகக் கிழித்தேன்.

இனி இழந்ததன் கணக்கு. கனகக்கா. தவம். எங்கள் தீவில் மிஞ்சியிருந்த ஒரே கிடாரம். ஒரு துடுப்பு. அரைச் சேலை. பிறகு, போன தை மாதம் இந்த வாடகை அறையில் என் அம்மா. பச்சைச் சேலையோடு போனாள். நெற்றியில் பொட்டோடு போனாள். நான்தான் வைத்துவிட்டேன்.

கடலுக்குப் போன ஆறு பேரை இதில் எழுதமாட்டேன். கொண்டுபோனவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பாக்கி, ஆறு பேர்.