போர்டு மாட்டியவர்தான் கழற்ற வேண்டும்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, லிஃப்ட் ஓடாததால் மூன்று மாடி ஏறி வந்து இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் தோழர்களே, வணக்கம். லிஃப்ட் மெக்கானிக்குகள் சங்கக் கட்டடத்திலேயே லிஃப்ட் ஓடவில்லை! நம் போர்டண்ணன் இருந்திருந்தால் விட்டிருப்பாரா? ஒரு நிமிடம், தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

முப்பத்தோரு ஆண்டுகள் அவரோடு வேலை பார்த்தவன் நான். போர்டண்ணன் என்று ஏன் பெயர்? லிஃப்டில் லேசாக ஒரு சத்தம் கேட்டாலே போதும், 'சோதனை முடியும்வரை இயக்காதீர்' என்ற சிவப்பு போர்டை மாட்டிவிடுவார். இதோ, அவர் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறோமே, இதே போர்டு! மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். நமக்கு அது தொழில் விதி, அவருக்கு வேதம். ஒரு ஓட்டல் மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அசைந்தாரா அண்ணன்? "படியில போங்க சார், உடம்புக்கு நல்லது" என்றார்.

உடம்புக்கு நல்லதாம்! சொன்னவர் உடம்பு எப்படி இருந்தது? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். நாலு மாடிக்கு நாலு முறை துடைத்தால் கண்ணாடியே தேய்ந்துவிடாதா? மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அந்த நாடகம்.

டாக்டரிடம் போகச் சொல்லி அண்ணி கெஞ்சினார், கோபித்தார், பேசாமல் இருந்தும் பார்த்தார். அண்ணன் மசியவில்லை.

"போனா எதையாவது கண்டுபிடிச்சிடுவாங்க. தெரியாத வரைக்கும் நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"உங்களுக்குத் தெரியலன்னா லிஃப்ட் கயிறு தேயாதா?" என்று கேட்டார் அண்ணி.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்தார். பயம், தோழர்களே! பத்து மாடி லிஃப்ட் பள்ளத்துக்குள் தலையை விட்டுப் பார்க்கிற மனிதருக்கு, ஒரு டாக்டர் முகத்தைப் பார்க்கப் பயம்.

ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்கு அழைத்துப்போக ஸ்கூட்டரில் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்து நடுவில் சிலையாக நிற்கிறார். சட்டைப் பொத்தானில் சிவப்பு போர்டு! அண்ணி அவர் பையிலிருந்தே எடுத்து, கம்பியை முறுக்கி மாட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கழட்டிப் போட்டுட்டு வாங்கண்ணே, நேரமாச்சு."

"எப்படிடா கழட்டறது? மாட்டினது அவ!"

அண்ணி சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன். பக்கத்துலயே உக்காந்திருப்பேன். என்ன சொன்னாலும் ரெண்டு பேரும் சேர்ந்து கேட்போம்."

"உள்ள வரைக்கும் வருவல்ல?" என்றார் அண்ணன். அந்தக் குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

போர்டோடுதான் போனார்கள். இதயக் குழாயில் இரண்டு அடைப்பு. இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் இந்தக் கூட்டத்தை அன்றைக்கே நடத்தியிருப்போம். அடைப்பைச் சரிசெய்து வீடு திரும்பிய பிறகுதான் அண்ணி கம்பியை அவிழ்த்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள், தோழர்களே! மகள் கல்யாணத்தில் ஆடினார். படு மோசமாக ஆடினார். பிரேக் பிடிக்காத பேத்தியின் சைக்கிளுக்கும் போர்டு மாட்டினார். அவள் அழுதும் கழற்றவில்லை. போன செவ்வாய்க்கிழமை, எழுபத்தாறு வயதில், பேப்பர் படித்தபடியே போய்ச் சேர்ந்தார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளையும் யார் கொடுத்தது? அண்ணி, நீங்கள் கொடுத்தது!

இருங்கள், தண்ணீர். இது மூன்றாவது பாட்டில். நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, நாலாவது வரிசையில் என் மனைவி எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்க்கலாம் என்று ஐந்து மாதமாகச் சொல்கிறாள். வெயில், அதனால் தாகம் என்று நானும் ஐந்து மாதமாகச் சமாளிக்கிறேன். எனக்கும் பயம்தான். போர்டண்ணன் படத்துக்கு முன்னால் நின்று பொய் சொல்ல முடியுமா?

அண்ணன் பணியைத் தொடர உறுதி எடுக்கச் சொன்னார் தலைவர். எடுக்கிறேன்! இந்தக் கட்டடத்து லிஃப்டை நாளை மறுநாள் நானே ஓடவைக்கிறேன். நாளைக்கு முடியாது, வேறு வேலை இருக்கிறது. அண்ணி, உங்கள் அனுமதியோடு இந்த போர்டை எடுத்துக்கொள்கிறேன்.

ஏம்மா, நாலாவது வரிசை, மேடைக்கு வா. இந்தா, நீயே மாட்டு. வெறும் வயித்துல காலையில ஏழு மணிக்கு வரணுமாம், விசாரிச்சு வச்சிருக்கேன். பக்கத்துலயே உக்காந்திருப்பல்ல?