தாண்டிப் போன வரி

காப்பி குடிக்காமல் நான் கணினியில் எந்தக் கோப்பையும் திறப்பதில்லை. அரைத்தூக்கத்தில் கை வைத்தால் தப்பு நேரும். அன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அதனால் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ள வேண்டாம் ஐயா.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. கேட்கத்தான் பெரிய விஷயம். உள்ளே வெறும் அட்டவணைக் கோப்பு. ஆளுக்கு ஒரு வரி. பெயர், ரத்த வகை, முகவரி என்று கட்டங்கள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஒரு காற்புள்ளி. தினமும் சாயங்காலம் நான் எழுதிய கணினி நிரல் அதைப் படித்து, சரிபார்த்து, அதே கோப்பில் திரும்ப எழுதும். ஒரு வரியில் கட்டம் கூடிப்போனால் முன்பெல்லாம் நிரல் அப்படியே நின்றுவிடும். மேலதிகாரி என்னை வறுத்தெடுப்பார். அதனால் பழுதான வரியைத் தாண்டிப் போ என்று ஒரு கட்டளை சேர்த்தேன். எல்லாருக்கும் நிம்மதி.

என் தங்கை அந்தப் பட்டியலில் இருந்தாள். முப்பது வயதாகியும் எனக்கு அவள் பாப்பாதான். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். அவளுக்கு மேல் வரியில் ஒரு பஸ் டிரைவர், அதே ரத்த வகை. டயாலிசிஸுக்கு இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவளைக் கூட்டிப்போக நான் உள்ளே நுழைந்தாலே, "வாங்க மச்சான், உங்க தங்கச்சி சீட்டாட்டத்துல என்னை மொட்டையடிச்சிட்டா" என்பார். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பாள். எனக்குப் புரியாமல் இல்லை. சந்தோஷமாகவே இருந்தது.

பிறகு அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. இனி தாங்க மாட்டாள் என்றார் டாக்டர். அவர்கள் ரத்த வகையில் ஒரு சிறுநீரகம் வரப்போவதாக அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது. டிரைவர் திடமாக இருந்தார். ஒரே ஒரு நாள் தள்ளி நிற்கட்டும் என்று நினைத்தேன்.

அவர் முகவரியில் கதவு எண்ணுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு காற்புள்ளி. அது கட்டத்தைப் பிரித்துவிடாமலிருக்க முகவரியைச் சுற்றி மேற்கோள் குறி இருந்தது. அந்தக் குறியை எடுத்தேன். முகவரி இரண்டு கட்டமானது. சாயங்காலம் நிரல் அவர் வரியைத் தாண்டிப் போனது.

மறுநாள் பாப்பாவுக்கு அழைப்பு வந்தபோது இருவரும் டயாலிசிஸில் இருந்தார்கள். கையில் ஊசியோடு அவர்தான் முதலில் சிரித்தார். "நீ முன்னால போ பாப்பா, நான் பின்னாலயே வர்றேன்." பிறகு என்னிடம் மெதுவாக, "நான்தானே மேல இருந்தேன் மச்சான்? எனக்குப் பொருந்தலயோ என்னவோ" என்றார். ஆமாம் என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குறியைத் திரும்ப வைக்கலாமென்று கோப்பைத் திறந்தேன். அவர் வரியே இல்லை. படித்ததை மட்டும்தான் நிரல் திரும்ப எழுதும், தாண்டியதை எழுதாது. அதை உருவாக்கியவனே நான். அவசரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. பழைய நகல் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து எடுத்துச் சேர்க்கக் காரணம் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். என்ன காரணம் எழுதுவது? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடினேன். தினமும் அப்படித்தான் மூடினேன்.

"அண்ணா, அவரை ஏன் இன்னும் கூப்பிடல?"

"வரிசையில இருக்கார் பாப்பா. வரும்."

சில மாதம் கழித்து அவர் அந்தக் கட்டிலிலேயே இறந்துபோனார். தொலைபேசி மார்மேல் இருந்ததாம், அழைப்பு வந்தால் கேட்க வேண்டுமென்று.

அதன் பிறகு பாப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமலிருக்க வேளாவேளைக்கு நான் கொடுத்த மாத்திரைகளை வாங்கிக்கொண்டாள். புதிய சிறுநீரகம் கெட்டுப்போன பிறகுதான் அவை தலையணை உறைக்குள் இருப்பதைப் பார்த்தேன். மறுபடி அவளைப் பட்டியலில் சேர்த்தேன், முதல் வரியில். அழைப்பு வருமுன் போய்விட்டாள். என் பாப்பா போய்விட்டாள் ஐயா.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு என்று தெரியும். போன வாரம் ஒரு சிறுநீரகம் ஐஸ் பெட்டியிலேயே வீணானது. அவளுடைய தொலைபேசிக்குத்தான் அழைத்தார்கள். நான்தான் எடுத்தேன். கிளம்பிவிட்டோம் என்றேன். மறுபடி கேட்டார்கள், வழியில் இருக்கிறோம் என்றேன். அவள் பெயரைச் சொல்லி ஒருவர் கேட்கும்போது வேறு என்ன சொல்வது?

இறப்புத் தகவல்கள் என் மேஜைக்குத்தான் வரும். அவளுடையதும் வந்தது. வரியை நீக்கியிருக்க வேண்டும் என்கிறீர்கள். கை வைத்துப் பார்த்தேன், முடியவில்லை. பட்டியலிலிருந்து ஒரு ஆளை எடுக்கிற மனசு எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.