கீறல் விழாத கைக்கணினிக்கு ஒரு கேடயம்

என் பேச்சு எங்கே போய் முடியுமோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல் தலைமை தாங்கி வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய குருநாதன் ஐயா அவர்களே! மேடையை அணிசெய்யும் கல்வி அதிகாரிகளே! வெள்ளனே பஸ் பிடித்துப் பழனிக்கு வந்து சேர்ந்த ஆசிரியப் பெருமக்களே! பாச்சலூருக்கு மேலேயிருந்து மலையிறங்கி வந்தும், நாற்காலிகள் காலியாகக் கிடக்கப் பின்சுவரோரம் நிற்கும் பெரியவர்களே, தாய்மார்களே! முதலில் உட்காருங்கள் அம்மா. நீங்கள் நிற்கும்வரை எனக்குப் பேச்சு வராது. ஆம், அந்த வரிசைதான். அனைவருக்கும் ஆயக்குடித் தலைமையாசிரியன் ஞானவேலின் அன்பு வணக்கம்.

கைக்கணினிப் பயிற்சியின் நிறைவு விழா இது. கைக்கணினிகளைப் பழுதின்றிப் பாதுகாத்த பள்ளி என்று எனக்கு இந்தக் கேடயத்தைத் தந்திருக்கிறீர்கள். மூன்று ஆண்டுகள்! நாம் டேப் என்று சொல்லும் கைக்கணினிகள் இருபது! ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை. எப்படிச் சாதித்தேன் தெரியுமா? பீரோவில் வைத்துப் பூட்டினேன். திரையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட நான் உரிக்கவில்லை. ஆண்டுக்கு ஒருநாள், ஆயுத பூஜையன்று, இருபதையும் வெளியே எடுத்து, வரிசையாக அடுக்கி, சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, மறுபடி பூட்டினேன். சார்ஜ் ஏற்றும் துளைக்குள் போன வருடச் சந்தனம் இன்னும் காய்ந்து கெடக்கு.

சிரிக்காதீர்கள் புவனா டீச்சர். உங்கள் பள்ளி பீரோச் சாவி எங்கே தொங்குகிறது என்று எனக்கும் தெரியும்.

ஏன் பூட்டினோம்? பயத்தால் பூட்டினோம். ஏன் பயந்தோம்? பழக்கித் தர ஆளில்லாததால் பயந்தோம். இரண்டு நாள் பயிற்சி என்று அழைத்தீர்கள், வந்தோம். வெள்ளைத் திரையில் கைக்கணினியின் படத்தைக் காட்டினீர்கள், பார்த்தோம். எப்படித் திறப்பது என்றீர்கள், எப்படி மூடுவது என்றீர்கள், எப்படிப் படமெடுத்து மேலே அனுப்புவது என்றீர்கள். ஒரு பாடத்தைக் காட்டினீர்களா? ஒரு பிள்ளையை அழைத்து வந்தீர்களா? எங்கள் கையில் ஒரு டேப்பையாவது கொடுத்தீர்களா? எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு இது எப்படிக் கைகொடுக்கும் என்று எழுந்து கேட்டேன். கடைசி ஸ்லைடில் வரும் சார் என்றார்கள். கடைசி ஸ்லைடும் வந்தது. அதில் ‘நன்றி’ என்று போட்டிருந்தது. குளத்தின் படத்தைக் காட்டிவிட்டு நீந்தத் தெரியும் என்று சான்றிதழ் கொடுத்த கதைதான் இது.

போன வாரம், பாச்சலூருக்கு மேலே மலைப்பள்ளி ஒன்றில் உடைந்துபோன டேப்பை வாங்கி வா என்று அலுவலகம் என்னை அனுப்பியது. பராமரிப்பில் பேர் எடுத்தவன் அல்லவா நான்! போனேன். ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியை, நாச்சியம்மாள். ஒரு மூலையில் அவர் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மறு மூலையில் துர்கா என்ற மூன்றாம் வகுப்புப் பிள்ளை, பாடத்தை வாய்விட்டு வாசித்து டேப்பில் பதிந்துகொண்டிருந்தாள். பதிந்ததைக் காதருகே வைத்துக் கேட்டாள். முகம் சுருங்கியது. “இந்த எடம் தப்பு டீச்சர், திரும்ப வாசிக்கேன்” என்றாள்.

ஆசிரியப் பெருமக்களே, தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும் ஒரு பிள்ளையை முப்பது ஆண்டுகளில் அன்றுதான் பார்த்தேன். இரண்டு வருடம் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையாம் அவள். எந்தப் பயிற்சியில் இதைக் கற்றீர்கள் என்று நாச்சியம்மாளைக் கேட்டேன்.

“யாரும் சொல்லிக் குடுக்கலைங்க சார். பிள்ளைக கையில குடுத்தேன். அதுக பழகுறதைப் பாத்து நானும் பழகிக்கிட்டேன்” என்றார்.

உடைந்தது எப்படி? துடைப்பம் கட்டும் சீமாற்றுப் புல் அறுக்கும் காலத்தில் குடும்பத்தோடு பிள்ளைகளும் காட்டுக்குள் போய்விடுவார்கள். மூன்று வாரம் வாசிப்பு விட்டுப்போகக் கூடாதென்று நாச்சியம்மாள் துர்காவிடம் ஒரு டேப்பைக் கொடுத்தனுப்பினார். அவள் பாறையில் வழுக்கி விழுந்ததில் திரை விரிசல் விட்டது. துர்காவின் அப்பா முனியன் அதைத் தன் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அன்றைக்கே மலையிறங்கிப் பள்ளிக்கு வந்துவிட்டார். அதோ, அந்தத் தூணருகே உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். அரசுப் பொருளை வகுப்பறைக்கு வெளியே அனுப்பியது ஏன், வரும் வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தா, இல்லையேல் இடமாற்றம் என்று நாச்சியம்மாளுக்கு மெமோ போனது. நான் கிளம்பும்போது முனியன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “எங்க டீச்சரை மாத்திருவீங்களா சார்?”

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

கற்றுக்கொடுத்தவருக்கு மெமோ, கட்டிவைத்தவனுக்குக் கேடயமா? பிள்ளையின் கையில் உடைந்தது குற்றம், பீரோவுக்குள் உறங்கியது பெருமையா? இது என்ன நீதி? இன்று இந்த மண்டபத்தில் நாச்சியம்மாள் இல்லை. அவர் வந்தால் அந்தப் பள்ளியை இன்று பூட்ட வேண்டும், அதனால் வரவில்லை. அடுத்த பயிற்சியை அங்கே நடத்துங்கள். அந்த ஒற்றை வகுப்பறையில், அந்தப் பிள்ளைகளின் நடுவில், அவரையே பயிற்சியாளராக நிறுத்தி நடத்துங்கள். தரையில் முதல் ஆளாக நான் வந்து உட்காருகிறேன்.

அதுவரை இந்தக் கேடயம் இந்த மேசையிலேயே இருக்கட்டும். நாச்சியம்மாள் எழுதிய விளக்கக் கடிதத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். அவர் சம்மதத்தோடு அதன் கீழே நானும் எழுதியிருக்கிறேன்: ‘இருபது கைக்கணினிகளை மூன்று ஆண்டுகளாகப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொண்டேன். ஆகவே எனக்கும் ஒரு மெமோ தரும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.’ கீழே இன்னும் நிறைய இடம் இருக்கிறது. பூட்டி வைத்தவர்கள் வந்து கையெழுத்துப் போடலாம். வாருங்கள் புவனா டீச்சர், பேனா இங்கே இருக்கிறது.

முனியன் ஐயா, அன்று நான் சொல்லாத பதிலை இந்த அவை இன்று உங்களுக்குச் சொல்லட்டும்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், பொறுக்காமல் எழுந்து வருகிற உங்களுக்கும் என் நன்றி. பீரோச் சாவியை இன்று காலை எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இந்நேரம் ஒன்றிரண்டில் கீறல் விழுந்திருக்கும். வருகிறேன், வணக்கம்.