மேனேஜர் வயித்துக் கல்

பாலெல்லாம் குடுக்கறதில்ல டாக்டரம்மா. எங்களுக்கே காலையில காப்பிக்குப் பத்தாம தண்ணி ஊத்தி ஓட்டிட்டிருக்கேன், இதுக்கு எங்க போய் பால் ஊத்தறது. புல்லு, கேரட்டு, வெள்ளரிக்காத் தோலு. எப்பவாவது ஒரு கிள்ளு கீரை. அவ்வளவுதான். நீங்க என்ன வேணாலும் கேளுங்க, நான் சொல்றேன். காரணம் என்னன்னு தெரிஞ்சுட்டுத்தான் வீட்டுக்குப் போகணும் எனக்கு. எங்க வீட்ல ஒரு கப்பு ஒடைஞ்சாகூட, கடைசியா யாரு கழுவினாங்கன்னுதான் கேப்பாங்க. கழுவறது நான் ஒருத்திதான்.

மெதுவாத் தூக்குங்கம்மா. அடிவயித்துல கை பட்டா கத்திடும். ஆமா, பேரு மேனேஜர்தான், நீங்க காதுல வாங்கினது சரிதான். என் மாமனார் வெச்ச பேரு. அவர் வேலை பாத்த ஆபீஸ்ல ஒரு மேனேஜராம். வந்து உக்காந்தா சாயந்திரம் வரைக்கும் எதையாவது மென்னுகிட்டே இருப்பாராம். யாராவது லீவு கேட்டுக் கிட்ட போனா கீச்சுன்னு ஒரு சத்தமாம். அதே மூஞ்சிம்மா இதுக்குன்னாரு. அந்தப் பேரே நின்னுபோச்சு.

வாங்கினது என்னவோ என் பொண்ணுக்கு. கினி பிக் வேணும், வாலில்லாத எலியாட்டம் புசுபுசுன்னு இருக்கும்னு ஒத்தக் கால்ல நின்னா. ஒரு மாசம் கொஞ்சினா, அப்பறம் படிக்கறேன்னு ஹாஸ்டலுக்குப் போயிட்டா. கூண்டு என் தலையில வந்து விடிஞ்சுது. நான் அலுத்துக்கறதப் பாத்துட்டு மாமாதான், என் ரூம்ல கொண்டாந்து வெச்சுடும்மா, எனக்கும் பேச்சுத்துணைக்கு ஆள் வேணுமில்லன்னாரு. கட்டிலுக்குப் பக்கத்துலயே கூண்டு. கை நீட்டினா எட்டும். பேப்பர் படிச்சா இவனுக்கும் சேத்துத்தான் சத்தமாப் படிப்பாரு. உள்ள யாரோ வந்திருக்காங்கன்னு நெனச்சு ரெண்டு கப்பு காப்பி எடுத்துட்டுப் போயிருக்கேன் நான்.

எப்ப ஆரம்பிச்சுதா? போன வாரம் கண்ல பட்டுது. கூண்டுல மாமாவோட பழைய வெள்ளச் சட்டையக் கிழிச்சு விரிச்சிருப்பேன். அதுல செவப்பாச் சொட்டுச் சொட்டா இருந்துது. பீட்ரூட் ஏதாவது போட்டோமான்னு யோசிச்சேன், போடல. அப்பறம் உக்காந்து பாத்தேன். ஒண்ணுக்கு வந்தா முதுகக் கூனிக்கிட்டு அப்பிடியே நிக்குது. முக்கி முக்கி ஒரு சொட்டு. அதோட ஒரு கத்தல். மாமா படுத்த படுக்கையா இருந்தப்ப, பாத்திரம் வெச்சு ஒண்ணுக்கு எடுக்கறப்பவும் இப்பிடித்தான். இவன் கத்திடறான், அவர் கண்ண இறுக்கி மூடிக்குவாரு. ஒண்ணுக்குப் போறதுல இவ்வளவு கஷ்டம் இருக்குன்னு எனக்கு அப்பதான் தெரியும்.

என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். எலிக்கெல்லாமா ஆஸ்பத்திரின்னாரு. அப்பறம் என்ன நெனச்சாரோ, அவரே வண்டிய எடுத்தாரு. வெளியதான் உக்காந்திருக்காரு. வர்ற வழியில, நீ என்னத்தப் போட்ட அதுக்குன்னு ஒரே ஒரு வார்த்தை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். 

இதான் அந்த எக்ஸ்ரே படமா? எங்க, இந்த வெள்ளையா உருண்டையா இருக்கே, இதா? அய்யோ, கொண்டக்கடலை அளவுக்கு இருக்கே. இத்துணூண்டு உடம்புல இதை வெச்சுக்கிட்டா இருந்தான்? மூத்திரப்பையில கல்லு. சரி. எதனால வருது? கால்சியமா? கால்சியம்னா அந்த எலும்புக்குக் குடுக்கறதுதான? நான் எதும் குடுக்கலயேம்மா. தண்ணியும் நாங்க குடிக்கற அதே தண்ணிதான்.

வேற யாரு குடுக்கப்போறா. மாமா ஒருத்தர்தான் இவன்கூட. அவர் என்ன குடுப்பாரு, என் கைய எதிர்பாத்து இருந்த மனுஷன். ஆனா இவனுக்கு அவர்மேல உசுரு. நான் புல்லக் கொண்டாந்தாகூட மெதுவாத்தான் வருவான். அவர் மாத்திரை டப்பாவ எடுத்து மூடியத் திருகினாப் போதும், கீச்சு கீச்சுன்னு ஓடிவந்து கம்பியப் புடிச்சுட்டு நிப்பான். முந்தாநாள்கூட அலமாரிய ஒழிக்கறப்ப அந்த டப்பா கையில பட்டுக் கிலுகிலுன்னுது. வலியோட சுருண்டு படுத்திருந்தவன் எந்திரிச்சு வந்துட்டான். எதுக்குடா இது வேற உனக்குன்னு...

இருங்கம்மா. கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

ஒண்ணுமில்ல, தண்ணி வேணாம். அந்த டப்பாவுல இருந்தது கால்சியம் மாத்திரை. ஆரஞ்சு கலரு, ஆரஞ்சு வாசனை, சப்பிச் சாப்பிடறது. தினமும் ராத்திரி சாப்பாடானதும் நானே எடுத்து அவர் உள்ளங்கையில வெப்பேன். சுண்ணாம்பத் திங்கற மாதிரி இருக்கும்மான்னு மூஞ்சியச் சுளிப்பாரு. வாயில போட்டுக்கங்க மாமான்னுட்டு, சொம்புல தண்ணி ஊத்தத் திரும்புவேன். முதுகுக்குப் பின்னால கடக் கடக்னு மெல்ற சத்தம் கேக்கும். சரி, சாப்பிட்டுட்டாருன்னு வெளக்க அணைச்சுட்டு வந்துடுவேன்.

மாமாவுக்குப் பல்செட்டும்மா. அதையும் சாப்பாடு முடிஞ்ச கையோட கழட்டிக் கிண்ணத்துல போட்டுடுவாரு. பொக்க வாய வெச்சுக்கிட்டு எப்பிடிக் கடக் கடக்னு மெல்லுவாரு? இத்தன நாள் அது எனக்குத் தோணவே இல்ல பாருங்க. வேலை வேலைன்னு புத்தியும் மழுங்கிப்போச்சு.

சொல்றேன். மாமாவுக்கு என்ன ஆச்சுன்னுதான கேட்டீங்க, உங்களுக்கு அவசரமில்லயே? பாத்ரூம் வாசல்ல தடுக்கினாரு மாமா. விழக்கூட இல்ல, சுவத்தப் புடிச்சுட்டாரு. அதுக்கே இடுப்பெலும்பு போயிடுச்சு. எலும்பு டாக்டர் படத்தப் பாத்துட்டு, எலும்பெல்லாம் பஞ்சா இருக்கே, எழுதிக்குடுத்த மாத்திரைய ஒழுங்காக் குடுத்தீங்களா இல்லையான்னாரு. என் நாத்தனார் என்னத் திரும்பிப் பாத்தா. குடுத்தேன்னேன். தினமுமா அண்ணின்னா. தினமும்தான்னேன். என் வீட்டுக்காரர் ஒண்ணும் கேக்கல. பாத்தாரு, அவ்வளவுதான். வாய விட்டுக் கேட்டிருந்தா நாலு வார்த்தை சண்டையாவது போட்டிருப்பேன். பாத்ததுக்கு என்ன பதில் சொல்றது?

அப்ப மாமா கட்டில்ல இருந்து என்ன சொன்னாரு தெரியுமா? அவள ஒண்ணும் சொல்லாதீங்கடா, பாவம், தனியாளா எத்தனதான் பாப்பான்னாரு. எனக்குப் பரிஞ்சு பேசறாராம். ஆக நான் குடுக்கலதான், பெரிய மனசு பண்ணி அவர் மன்னிச்சுட்டாருன்னு ஆயிடுச்சு. அன்னிக்கு எனக்கு அது புரியல. என்னடா இவரே இப்பிடிச் சொல்றாரேன்னு தனியாப் போய் அழுதேன். ஒரு மாத்திரை வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமில்ல? நான் என்ன அடிக்கவா போறேன்? சொன்னா என் மூஞ்சி வாடிடும்னு பயம். அந்தப் பயத்துல இவனுக்கு ஊட்டி விட்டிருக்காரு. பிரியமாத்தான் ஊட்டியிருப்பாரு, அதுல சந்தேகமே இல்ல. நாள் பூரா சும்மா உக்காந்திருக்கான், எலும்பாவது பலமா இருக்கட்டும்னு நெனச்சிருப்பாரு.

கோவமா? வருதும்மா. யார்மேல காட்டறதுன்னுதான் தெரியல.

ஆபரேஷன் பண்ணிடுங்க. பொழைக்கறதும் பொழைக்காததும் பாதிப் பாதின்னாலும் சரி, இந்த வலியோட வெச்சுக்கிட்டுப் பாத்துட்டு இருக்க என்னால முடியாது. மயக்கம் நல்லாக் குடுங்க. கண்ண மூடற வரைக்கும் நான் தலையத் தடவிட்டிருக்கலாமா? பழக்கம் இருக்கு எனக்கு. இல்ல, மாமாவுக்கு ஆபரேஷன் பண்ணல, வயசாச்சு தாங்காதுன்னுட்டாங்க. படுத்தவர் எந்திரிக்கவே இல்ல. போய்ச் சேந்து ரெண்டு மாசமாச்சு. இந்த ரெண்டு மாசமா மாமா விஷயத்துல எங்க வீட்ல யாரும் என்ன ஒரு வார்த்தை சொன்னதில்ல, நல்லாத்தான் நடத்தறாங்க. அதான் தாங்கல.

ஒரே ஒரு ஒதவி டாக்டரம்மா. எடுத்ததும் அந்தக் கல்லக் குப்பையில போட்டுடாதீங்க. கழுவி, ஒரு பேப்பர்ல மடிச்சு எங்கிட்ட குடுங்க. இவன் பொழைச்சாலும் சரி, இல்லன்னாலும் சரி, அது எனக்கு வேணும். வெளிய உக்காந்திருக்காரே, அவர் கையில வெக்கணும். நான் ஒண்ணும் பேசப்போறதில்ல, நீங்களே சொல்லிடுங்க, அது என்னன்னு. நான் குடுத்தது அத்தனையும் அதுலதான இருக்கு.